மறு: டீயிசத்துக்கு என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். வேத நூலை நம்பாமல் அறிவால் மட்டும் கடவுளை ஏற்கும் டீயிசம் (deism) என்ற கொள்கைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தோம். அந்தக் கொள்கைக்காரரான 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை வைத்து, வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> டீயிசம் = சமரச இறைநெறி. வால்டேர் எல்லா மதங்களையும் ஒன்றாகப் பார்த்தவர்தானே?

ஐயா, உங்கள் பரிந்துரையில் வள்ளலாரின் சாயல் இருக்கிறது. கேட்கவும் இனிமையாக இருக்கிறது. ஆனால் வால்டேரிடம் சமரசம் கிடையாது. லண்டன் பங்குச் சந்தையில் யூதரும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே மதத்தார்போலக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள், திவாலானவனை மட்டும்தான் அவிசுவாசி என்கிறார்கள் என்று அவர் எழுதியது உண்மை. அதை ஒட்டியே இன்னொன்றும் சொல்கிறார்: இங்கிலாந்தில் ஒரே மதம் இருந்தால் கொடுங்கோன்மை வரும், இரண்டு இருந்தால் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுப்பார்கள், முப்பது இருப்பதால் நிம்மதியாக வாழ்கிறார்கள். இது மதங்கள்மேல் உள்ள மரியாதையில் வந்த பேச்சு இல்லை. ஒன்றையொன்று அடக்கி வைக்கட்டும் என்ற கணக்கு.

யூதர்களைப் பற்றிய அவருடைய கட்டுரையைப் படித்தால் சமரசம் என்ற சொல்லை யாரும் அவர் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். அறிவற்ற, காட்டுமிராண்டிக் கூட்டம், பேராசையும் மூடநம்பிக்கையும் கலந்தவர்கள் என்று ஏசிவிட்டு, ஆனாலும் அவர்களை எரிக்கக் கூடாது என்று முடிக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஐசக் டி பின்டோ என்ற யூத அறிஞர் 1762-இல் இதை மறுத்து எழுதினார். வால்டேர் தவறுதான் என்று ஒத்துக்கொண்டு, திருத்துவதாகப் பதில் போட்டார், திருத்தவில்லை. அதே ஆண்டில் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வணிகரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். அவர் குற்றமற்றவர் என்று 1765-இல் தீர்ப்பு வரும்வரை போராடியவரும் இதே வால்டேர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் பதிவில் எழுத வேண்டும்.

> 'பகுத்தறிவு இறைவாதம்' பொருந்துமா?

பொருளளவில் பொருந்தும். ஆனால் நம் காதில் பகுத்தறிவு என்றாலே பெரியார்தான் வருகிறார். பள்ளி மாணவருக்கு 'பகுத்தறிவு இறைவாதம்' முன்னுக்குப்பின் முரணாகவே ஒலிக்கும். வேண்டாம்.

அப்புறம் குழுவில் ஓர் அம்மா பரிந்துரைத்த 'படைப்பிறைவாதம்'. இதை ஒதுக்கத்தான் மனம் வரவில்லை. சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்கு ஐந்தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். டீயிசத்தின் கடவுள் படைத்தலோடு நிறுத்திக்கொண்டவர் என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். மாணவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் வால்டேரே அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறார். அவருடைய கடவுளுக்கு நல்லவருக்குப் பரிசும் தீயவருக்குத் தண்டனையும் கொடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. 1768-இல் வந்த ஓர் உரையாடல் நூலில், என் வழக்கறிஞரும் தையற்காரரும் வேலைக்காரர்களும் ஏன், மனைவியும் கடவுளை நம்ப வேண்டும், அப்போதுதான் நான் கொஞ்சம் குறைவாக ஏமாற்றப்படுவேன் என்று ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கிறார். நகைச்சுவைதான். ஆனால் அடியில் இருப்பது, படித்தவனுக்கு அறிவு போதும், மற்றவர்களுக்குப் பயம் வேண்டும் என்ற மேட்டுக்குடி எண்ணம். படைத்துவிட்டு ஒதுங்கிய கடவுளால் இந்தக் காவல் வேலை நடக்காது.

ஆகவே கடவுள் என்ன செய்கிறார் என்பதை விட்டு, அவரை எப்படி அறிகிறோம் என்பதில் சொல்லை அமைப்போம். வேத நூல், தீர்க்கதரிசி, அற்புதம் எதுவும் வேண்டாம், உலகத்தின் ஒழுங்கைப் பார்த்தாலே அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று தெரியும் என்பதே டீயிசக்காரர்கள் எல்லாருக்கும் பொது. என் பரிந்துரை: மறைசாரா இறைவாதம். ஆள்: மறைசாரா இறைவாதி. நான்மறை என்கிறோம், முஸ்லிம்கள் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள், கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்டமும் மறைக்கல்வியும் உண்டு. மூவரும் புழங்கும் ஒரே சொல் 'மறை'. வால்டேர் எதிர்த்ததும் அது மொத்தத்தையும்தான்.

> அவர் நம் வேதத்தைப் புகழ்ந்தாரே?

புகழ்ந்தது 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் படியை. 1760-இல் இந்தியாவிலிருந்து திரும்பிய அதிகாரி மொதாவ் கொடுத்தார். வால்டேர் மறு ஆண்டே அதை அரச நூலகத்தில் சேர்த்தார். உள்ளே வியாசரும் சுமந்துவும் பேசுகிறார்கள்; பல தெய்வ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுள் என்று நிறுவுகிறார்கள். வால்டேருக்கு இது போதுமானதாக இருந்தது. பைபிளைவிடப் பழைய நூல் ஒன்று தன் கொள்கையைச் சொல்கிறது என்று அதை யூத, கிறித்தவ வேதத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். உண்மையில் அது ஏசு சபைப் பாதிரிமார் உருவாக்கியது. புதுச்சேரி மிஷனில் கிடந்த படிகளை ஆராய்ந்து எழுதியவர், குறளுக்கு உரை கண்ட ஆங்கிலேய அதிகாரி, நம் எல்லீசன் (எல்லிஸ்). அந்தக் கட்டுரை அவர் இறந்தபின் 1822-இல் வெளிவந்தது. வால்டேர் வேதத்துக்குத் தலைவணங்கவில்லை. ஒரு வேதத்தை அடிக்க இன்னொன்றைக் கையில் எடுத்தார். 'மறைசாரா' என்பதற்கு இதனால் பாதகம் இல்லை.

பதிவில் படம் வேண்டும் என்றால் பிரான்சில் வால்டேர் வாழ்ந்த ஃபெர்னேயில் 1761-இல் அவர் கட்டிய தேவாலயத்தின் முகப்பைப் போடலாம். 'கடவுளுக்கு வால்டேர் எழுப்பியது' என்று லத்தீனில் பொறித்திருக்கிறார். புனிதர் யார் பெயரும் இல்லை. கடவுள் பெயரைவிட அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பெயரடையாக வரும்போது 'மறைசாரா இறைவாத' என்பது நீளம்தான். 'மறைசாரா' மட்டும் போதுமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால் முழு வடிவையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.