கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை

போன மாரியில் கோண்டாவில் சந்தியடியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, வலது முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பு) தலை வெடித்துவிட்டது. எலும்பு விலகவில்லை, ஒப்பரேஷன் வேண்டாம், கொஞ்ச நாளிலேயே கையை அசைக்கத் தொடங்குங்கள் என்றார்கள். நான்தான் பயத்தில் ஐந்து கிழமை கட்டித் தொங்கவிட்டபடி திரிந்தேன்.

கட்டை அவிழ்த்த அன்று மத்தியானம் சோற்றைக் குழைத்துத் தூக்கினால், கை நாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பூனை மாதிரிக் குனிந்து சாப்பிட்டேன்.

பிசியோவில் கோணமானி வைத்துப் பார்த்தார்கள். கை நேராக நீண்டால் 0 பாகை. எனக்கு நீட்டினால் 50 பாகையில் நிற்கிறது, மடக்கினால் 95. அன்றாட வேலைக்கு 30 இலிருந்து 130 வரையாவது வேண்டுமாம். அம்மம்மா அதற்குள் எண்ணெய் போட்டு உருவி இழுக்க ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். “உங்கட கையை வேற ஆரும் இழுக்க விடாதேங்கோ தம்பி” என்றார் பிசியோ அக்கா. முரட்டுத்தனமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடுமாம். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

பிறகு திருகு வைத்த பட்டை ஒன்று தந்தார்கள். முதலில் 10 நிமிடம் சுடுதண்ணிப் பை. அப்புறம் பட்டையை மாட்டி, இழுக்கிறது ஆனால் நோகவில்லை என்ற இடம் வரை திருகவேண்டும். கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தானாக விடும். இன்னும் கால் சுற்று. 30 நிமிடம், நாளுக்கு மூன்று தரம். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கிப்போனால் மெல்ல மெல்லத்தான் நீளும். அழுகை வந்தது நோவால் அல்ல, விடிய எழும்பினால் முதல் நாள் கிடைத்ததில் பாதி காணாமல் போயிருக்கும், அதனால்.

இதை வாசித்த ஒரு அக்காவும் நானும் பேசிக்கொண்டது:

— தம்பி, என்ர மகன் மாமரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்தது. கட்டு எடுத்த பிறகு பயிற்சி ஒன்றும் வேண்டாம், விளையாட விடுங்கள் என்றார் டொக்டர். அவன் திரும்ப அதே மரத்தில் ஏறிவிட்டான். உங்களுக்குச் சின்னவிரல் விறைக்கிறதா? எங்கட அண்ணைக்கு அப்படி வந்து, நரம்பைப் பார்க்கவேண்டியதாகிவிட்டது.

— இல்லை அக்கா, விறைப்பு இல்லை. பிள்ளைகளின் எலும்பு வேறுதான். எனக்கு விழுந்து ஆறாம் மாதம் இப்போது. 25 இலிருந்து 125. சோறு வாய்க்கு வருகிறது. சேட்டின் மேல் பொத்தானை மட்டும் மனுசிதான் பூட்டிவிடுகிறா.