மீன்கொத்தியை மங்கலாக எடுத்தால் அது காட்டுயிர்ப் படமா?

நாணல்:
நேற்றுக் காலை ஆறேகாலுக்குக் குறுக்குத்துறைப் பக்கம் தாமிரபரணிக் கரையோடு நடந்தேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்தது. ஷட்டரை மெதுவாக, 1/15 நொடியில் வைத்து, கேமராவைப் பறவையோடு சேர்த்து இழுத்து எடுத்தேன். பறவை ஒரு வெள்ளைக் கீற்று, ஆறு ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான் தெரிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வாட்ஸப் குழுவில் போட்டால் "கை நடுக்கமா தம்பி" என்று சிரிக்கிறார்கள். இதில் என்ன தப்பு?

மூணுகால்:
சிரித்ததில் நானும் உண்டு, மறைக்கவில்லை. படம் அழகுதான், திரைச்சீலையில் அச்சடிக்கலாம். ஆனால் நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் அது கொக்கா, காற்றில் போகிற பாலித்தீன் பையா என்று யாருக்குத் தெரியும்? இந்த மீன்கொத்தியில் ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் விட்டுப்போயிருக்கும். 1/2000 நொடி வேகத்தில் எடுத்திருந்தால் அதெல்லாம் தெரிந்திருக்கும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு இந்தக் கீற்றைக் கொண்டுபோய் என்ன செய்வது?

நாணல்:
எல்லாப் படமும் ஆதார் அட்டைப் படம் மாதிரியே இருக்கணுமா அண்ணாச்சி? எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக்காரர் 1950களிலேயே காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில், வண்ணம் வழிய வழிய எடுத்தார். அதைக் கை நடுக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

மூணுகால்:
ஹாஸ் படத்தில் காளை காளையாகத் தெரிகிறது, வேகமும் தெரிகிறது. உங்கள் படத்தில் வேகம் மட்டும்தான் இருக்கிறது, பறவையைக் காணோம்.

ஆத்துமணல்:
நான் வேறு ஒன்று சொல்கிறேன். "அலகு தெரியணும், இறகு தெரியணும்" என்கிற இந்த வெறிதான் ஆட்களைக் கூட்டுக்குக் கிட்டே இழுத்துக்கொண்டு போகிறது. மீன்கொத்தி மண்கரையில் பொந்து குடைந்து முட்டை வைக்கிற பறவை. போன வருஷம் அப்படி ஒரு பொந்துக்கு முன்னால் நாலு பேர் டிரைபாட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பறவை வாயில் மீனோடு கம்பியில் காத்துக்கிடந்தது, அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் உள்ளே போகவே இல்லை. கீற்றுப் படம் எடுக்கிறவர் பாதையிலேயே நின்று எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

மூணுகால்:
அது ஆளைப் பொறுத்தது, ஷட்டரைப் பொறுத்தது இல்லை. பறவை பறக்கணும் என்று கல்லெறிந்து கிளப்பி, கேமராவை அதோடு சேர்த்து இழுத்து பேனிங் செய்கிறவனையும் நான் பார்த்திருக்கிறேன். பொந்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அங்கே யாருமே உட்காரக் கூடாது.

ஆத்துமணல்:
அப்போ இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. இந்தப் பறவை மீனைப் பார்த்துவிட்டால் அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் இல்லையா, அப்போது உடம்பு ஆடினாலும் தலை மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கும். 1/60ல் வைத்துப் பாருங்கள். சிறகு விசிறி மாதிரி கலங்கும், கண் கூர்மையாக வரும்.

நாணல்:
நாலு நாள் போனேன். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/60ல் எடுத்தால் தலையும் சேர்ந்தே ஆடுகிறது, கடைசியில் டிரைபாட் தூக்கிக்கொண்டுதான் போனேன் (மூணுகால் அண்ணாச்சி சிரிக்க வேண்டாம்). வெயில் ஏறிய பிறகு 1/15 முயற்சி செய்தால் ஐஎஸ்ஓ 100, எஃப்/22 என்று வெளிச்சம் குறையும்படி வைத்தும் படம் வெளுத்துவிடுகிறது. வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வாங்கும் வரை விடியற்காலை மட்டும்தான். நூற்றுச் சொச்சம் படத்தில் மூன்று தேறியது. ஒன்றைப் போட்டிருக்கிறேன்: கண் கூர்மை, சிறகு புகை, மார்பில் இரண்டு பட்டை.

மூணுகால்:
ஆண். இது காட்டுயிர்ப் படம், ஒப்புக்கொள்கிறேன். பறவை என்ன செய்கிறது என்பது என் 1/2000 படத்தைவிட இதில் நன்றாகவே தெரிகிறது, என்னுடையதில் ஏதோ நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிற்கும். ஆனால் முதல் படம் திரைச்சீலைதான், அதில் மாற்றமில்லை.

நாணல்:
அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு "ஆறு நல்லா இருக்கு" என்றார்கள். பறவையைப் பற்றிக் கேட்கவே இல்லை.