அட்சார்ப்ஷன்: உறிஞ்சலா, கவர்தலா, பற்றலா?

அன்பு நண்பர்களுக்கு,

அட்சார்ப்ஷன், அதாவது ஒரு பொருள் இன்னொன்றைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்வது, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீரிலிருந்து பாஸ்பேட்டை இப்படி நீக்கும் மலிவான பொருள்களுக்கு 'உறிஞ்சுபொருள்' என்ற சொல்லே போதும் என்று நம்மில் மூத்த ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஞ்சு நீரை உறிஞ்சினால் நீர் பஞ்சுக்குள்ளே போய்விடுகிறது. இரும்பு ஆக்சைடு பூசிய மணலில் நடப்பது வேறு. பாஸ்பேட்டு மணலுக்குள் நுழைவதில்லை, பூச்சின் பரப்பில் அமர்ந்துகொள்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கைசர், உள்ளே உறிஞ்சுவதைக் குறிக்கும் 'அப்சார்ப்ஷன்' என்பதிலிருந்து 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லைப் பிரித்தார். தமிழில் நாம் இரண்டையும் திரும்ப ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஈழத்துப் பாடநூல்களின் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்ற இணை அழகானது. ஆனாலும் 'உறிஞ்சல்' என்ற வினை உள்ளே இழுப்பதையே மனத்தில் எழுப்புகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பரப்பு கவர்தல்'. இடம் சரி, வினைதான் நெருடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். கிளர்வூட்டிய கரிக்கு (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குக்கூடப் பரப்பு உண்டு. ஆனால் வெறும் கரி பாஸ்பேட்டை மிகக் குறைவாகவே பிடிக்கிறது. அதைவிடப் பரப்பு குறைந்த இரும்பு ஆக்சைடோ நன்றாகப் பிடிக்கிறது. அதன் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் (OH) விலகி இடம் கொடுக்க, பாஸ்பேட்டு நேரடியாக இரும்போடு பிணைகிறது. அலுமினியம், லாந்தனம் ஆகியவற்றின் ஆக்சைடுகளிலும் இப்படித்தான். பாக்சைட்டுத் தாதுவிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செங்கழிவும், படிகாரம் இட்டு நீரைத் தெளிவித்தபின் மிஞ்சும் சேறும் இதற்கு உதவுவது இதனால்தான். இதைக் கவர்ச்சி என்றால் தூரத்திலிருந்து இழுப்பது போலத் தோன்றுகிறது. இது பிடி.

துணியில் சாயம் பற்றுகிறது, பாத்திரத்தில் கரி பற்றுகிறது என்கிறோம். அந்த வினையை எடுத்துக்கொள்வோம். அட்சார்ப்ஷன் 'புறப்பற்றல்', பிடிக்கும் பரப்புள்ள பொருள் 'பற்றுபொருள்', பிடி விழும் இடம் 'பற்றிடம்', ஒரு கிராம் எவ்வளவு பிடிக்கும் என்பது 'பற்றுதிறன்'. 'பற்றி' என்று சுருக்க ஆசைதான். ஆனால் 'பற்றி பற்றி' என்று வாக்கியத்தில் வந்து குழப்பும், வேண்டாம்.

பற்றியது திரும்பக் கழல்வதற்கும் சொல் கையிலேயே இருக்கிறது. காரத்தன்மை ஏறினால் பரப்பு எதிர்மின்னேற்றம் பெறும், ஹைட்ராக்சிலும் போட்டிக்கு வரும், பாஸ்பேட்டு கழன்றுவிடும். நீர்த்த எரிசோடாக் கரைசலில் கழுவி, பாஸ்பேட்டை மீட்டு, பொருளைத் திரும்பப் பயன்படுத்துவது இப்படித்தான். அது 'பற்றுவிடல்'. 'பரப்பு நீக்கம்' என்றால் பரப்பையே நீக்குவதாகப் படுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முட்டை ஓடு, இரும்பாலைக் கசடு போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்களில் பாஸ்பேட்டு பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிறது, அதாவது கரையாத திடப்பொருளாகப் பிரிகிறது. அதையும் புறப்பற்றல் என்று எழுதினால் தவறு. எது நடந்தது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் 1909-இல் வேதியியலாளர் மெக்பெய்ன் தந்த 'சார்ப்ஷன்' (உள்ளே போவது, பரப்பில் பிடிப்பது இரண்டையும் சேர்த்துக் குறிப்பது) போல ஒரு பொதுச்சொல் வேண்டும். 'கொள்ளல்' என்று வைக்கலாமா?

பற்றப்படும் பொருளுக்கு (இங்கே பாஸ்பேட்டு) 'பற்றுறுபொருள்' என்று எழுதிப் பார்த்தேன். வாயில் சரியாக வரவில்லை, 'பற்றுபொருள்' பக்கத்தில் வந்தால் கண்ணும் தடுமாறுகிறது. 'படிபொருள்' எளிது, ஆனால் வீழ்படிவோடு மோதும். இந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல சொல் கிடைத்தால், இதைப் பற்றி எழுதிவரும் கட்டுரையை முடித்துவிடுவேன்.