பேஸ்போலில் 'லீட் ஓஃப்' வீரர் என்பவர் யார்?

கேள்வி: திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, பேஸ்போலில் 'லீட் ஓஃப்' எனப்படுபவர் நமது ஆரம்பத் துடுப்பாட்ட வீரரைப் போன்றவர்தானா என்பதை யாராவது விளக்குவீர்களா?

மறுமொழி: அணியின் துடுப்பாட்ட வரிசையில் முதலாவதாக வருபவரையே அது குறிக்கிறது. ஆயினும் புதிய பந்தைத் தாக்குப்பிடிப்பதன்று, எவ்வழியிலேனும் முதல் தளத்தை (ஓடிச் சேரவேண்டிய நான்கு தளங்களில் முதலாவதை) அடைந்து, பின்வருவோர் பலமாக அடிக்கும்போது ஓடி வந்து ஓட்டம் சேர்ப்பதே அவருடைய தலையாய பணி. அமெரிக்க வீரர் ரிக்கி ஹென்டர்சன் இதில் இணையற்றவர் என்பேன்: 1406 தளங்களைத் 'திருடிய' (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்த) அவர், ஆட்டத்தில் தம் அணியின் முதல் வீரராக வந்தே 81 ஹோம் ரன்களையும் (அடித்தவர் எல்லாத் தளங்களையும் சுற்றிவந்து ஓட்டம் பெறும் அடிகளையும்) அடித்தார்.

மறுமொழி: பேஸ்போலில் மூவர் ஆட்டமிழந்ததும் அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும்; அதன் அடுத்த இன்னிங்ஸில் வரிசை விட்ட இடத்திலிருந்தே தொடர்வதால், அதைத் தொடங்குபவர் எவராயினும் அவர் அந்த இன்னிங்ஸை 'லீட் ஓஃப்' செய்கிறார் என்றே வர்ணனையாளர்கள் கூறுவர்.