ஹேக்லர் – லெனார்ட், 1987: வென்றவர் உண்மையில் யார்?

கேள்வி: லாஸ் வேகாஸில் 1987 ஏப்ரல் 6 அன்று மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லெனார்டும் மோதிய அந்த 12 சுற்றுக் குத்துச்சண்டைப் போட்டியை, வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டு மீண்டும் பார்த்தபோது, லெனார்டின் வெற்றி எனக்கு முன்போல் உறுதியாகத் தோன்றவில்லை. உங்கள் கணிப்பு என்ன?

மறுமொழி 1: சுற்று முடிய அரை நிமிடம் இருக்கும்போது லெனார்ட் சரமாரியாகக் குத்துவார், பார்ப்பவர் மனத்தில் அதுவே தங்கிவிடும். ஆயினும், இடக்கை நிலையில் (வலக்கையை முன்னே வைத்து நிற்பதில்) பெயர்பெற்ற ஹேக்லர் தொடக்கச் சுற்றுகளில் வலக்கை நிலையில் நின்று ஆடியது அவரே தேடிக்கொண்ட வினை.

மறுமொழி 2: புள்ளியிட்ட மூன்று நடுவர்களில் ஒருவர் 115-113 என ஹேக்லருக்கும், இன்னொருவர் அதே கணக்கில் லெனார்டுக்கும் அளித்ததை ஏற்கலாம், லெனார்டுக்கு மூன்றாமவர் தந்த 118-110தான் இன்றும் உறுத்துகிறது. ஒன்பதாம் சுற்றை மறுபடி பாருங்கள்.

கேட்டவர்: பார்த்தேன். மூலையில் சிக்கியும் லெனார்ட் திருப்பி அடிக்கிறார். அச்சுற்றை ஹேக்லருக்கே கொடுத்தேன். மொத்தத்தில் என் கணக்கு சமநிலை.