பழைய வீட்டுக்கு சர்வே (கட்டடம் எந்த நிலைமையில் இருக்கிறது என்ற சோதனை) எடுத்தவர்கள் இருக்கீங்களா? உங்களுக்கு என்ன நடந்தது?

மொட்டைமாடி

புதுச்சேரியில் வைசியாள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை), திண்ணை, தாழ்வாரம், முற்றம், மீதி உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி நடு ரூமில் மேலிருந்து ஈரம் இறங்கியது. பாரிஸிலிருந்து தங்கச்சி போனில் கத்திக் கத்தி, கடைசியில் சர்வேக்கு ஆள் வரச் சொன்னேன்.

வந்தது சின்னப் பெண், இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஏணி போட்டு ஏறி, உத்தரத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனாள். டொக், டொக், டொக். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது சத்தம் மாறி 'பொத்' என்றது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினாள், அழுத்தினாள் என்றுகூடச் சொல்லக் கூடாது, வைத்தாள், அவ்வளவுதான். பிடிவரை உள்ளே போய்விட்டது. பர்மா தேக்கு என்று கல்யாண வீடுகளில் நாங்கள் பெருமை பேசிய உத்தரம்.

அதற்கு நேர் கீழே அப்பாவின் கட்டில். 41 வருஷமாக அவர் அங்கேதான் படுக்கிறார். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதைப் பிடுங்காதம்மா, இப்ப அதுதான் தாங்குதோ என்னவோ."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே வருஷம் ஏப்ரலில் பெயின்ட் அடிக்க வந்தவர் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்து "இங்க மெத்துனு இருக்குண்ணே" என்றார், நான் "ரெண்டு கோட் பட்டி சேத்து வை" என்றேன். இதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை வாசி

உங்களுக்காவது ஆள் ஏணி ஏறினாரே. எங்களுக்கு வந்தவர் ஏறவே இல்லை.

மாடியில் இரண்டு ரூமை வாடகைக்கு விடலாம் என்று பேங்க் லோன் கேட்டோம், ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். வந்தவர் பையிலிருந்து ரீபவுண்ட் ஹேமரை எடுத்து சுவரில் பத்து இடத்தில் 'டக் டக்' என்று வைத்து எண் எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் 34 பக்க ரிப்போர்ட். 19ஆம் பக்கத்தில் ஒரு பால்கனி, அதில் பச்சைத் துண்டு ஒன்று காய்கிறது, கீழே 'பால்கனி நல்ல நிலையில் உள்ளது'. எங்கள் வீட்டில் பால்கனியே கிடையாது!

போன் பண்ணினால் "டெம்ப்ளேட் மாறிடுச்சு சார்" என்றார். பேங்க்கில் கொடுத்தேன், அவர்களும் 19ஆம் பக்கத்தைப் பார்க்கவில்லை, லோன் வந்துவிட்டது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் ராத்திரி மாடியில் யாராவது நடந்தால் அந்தப் பச்சைத் துண்டு ஞாபகம் வருகிறது. அது யார் வீட்டுப் பால்கனியோ, அவர்கள் ரிப்போர்ட்டில் எங்கள் திண்ணை இருக்கிறதோ என்னவோ.

ஓடி_கடலூர்

கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்ட் டவுன்) எழுதுகிறேன். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும், இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் பழசை இடித்துவிட்டு நாலு மாடி போடுகிறார். அவர் அஸ்திவாரம் தோண்டின இரண்டாம் நாள், எங்கள் பூஜை அறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல்.

சர்வேக்கு வந்த பெரியவர் அதிகம் பேசவில்லை. விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டி, பேனாவால் தேதி எழுதினார். "சுவரு ஓடிச்சுன்னா இது ஒடையும், ஒடைஞ்சா எனக்கு போன் போடுங்க." அவ்வளவுதான் சர்வே.

அம்மா தினமும் காலையில் சாமிக்கு விளக்கேற்றும் முன்னால் கண்ணாடியைப் பார்ப்பாள். ஒரு நாள் பார்க்கிறேன், அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்திருக்கிறாள். 23ஆம் நாள் சாயங்காலம் நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ஒடைஞ்சிடுச்சுடா." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸி சத்தத்திலும் அவளுக்கு எப்படிக் கேட்டது என்று இன்றுவரை புரியவில்லை.

அன்று ராத்திரியே சாமி படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள், இன்னும் திரும்ப மாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரருடன் பஞ்சாயத்து ஓடுகிறது, அது தனிக் கதை.

காரைக்காரர்

எல்லாம் படித்தேன். அப்பா கொத்தனார், தாத்தா கொத்தனார், அதனால் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் எந்த மரத்திலும் ஓட்டை விழும். கண்ணாடி ஒட்டினால் லாரி போன அதிர்விலும் உடையும். இதற்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள்.

எங்கள் அப்பா விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். ஒரு வீட்டில் தட்டிவிட்டு "இந்த ரூம்ல புள்ளைங்கள படுக்க வைக்காதீங்க" என்றார். வீட்டுக்காரர் சிரித்தார், ஆனாலும் பிள்ளைகளை மாற்றினார். 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்று அந்த ரூம் கூரையில் பாதி கீழே. இவ்வளவுதான் என் கதை.

இப்போது விஷயம். வீடுகளைக் கெடுத்தது வயசு இல்லை, சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூச்சு பூசி, எனாமல் பெயின்டும் அடித்தால் ஈரம் எங்கே போகும்? மேலே ஏறும். முன்னால் இரண்டடி உயரத்தில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு வந்து, அங்கே உப்பு பூத்துப் பொரிந்து கொட்டும். உடனே "சுவர் வீக், இடிச்சிடலாம்" என்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் ஊற்றி காரை அரைக்கத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? புதுச்சேரி மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் 29 மழையில் விழுந்ததே, அது ஒரே ராத்திரியில் விழுந்ததா? வருஷக்கணக்காக எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இப்போது அதே இடத்தில் அதே மாதிரி கட்டி நிற்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் அது வேறு கட்டடம். இந்த சர்வேக்காரர்களை எல்லாம் வீட்டுக்குள் விடாதீர்கள், நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மொட்டைமாடி

காரைக்காரர் ஐயா, குத்தினதால் ஓட்டை விழவில்லை, ஓட்டை இருந்ததால்தான் குத்த முடிந்தது. அதே ஸ்க்ரூடிரைவரை உத்தரத்தின் நடுவில் வைத்து அந்தப் பெண் பலம் கொண்ட மட்டும் அழுத்திக் காட்டினாள், ஒரு புள்ளிகூட விழவில்லை. உங்கள் அப்பா முட்டியால் தட்டியது சர்வே இல்லாமல் வேறு என்ன? இவள் பிடியால் தட்டினாள்.

சொல்தா வீட்டுப் பிள்ளை

நான் பிரான்சில் வீடு விற்றபோது நடந்தது. கரையான் பகுதி என்று அறிவித்த ஊர், அதனால் கரையான் ரிப்போர்ட் இல்லாமல் நொத்தேர் (அங்கே பத்திரம் எழுதிப் பதிகிறவர்) பேச்சே எடுக்கவில்லை. ஆறு மாசம் தாண்டினால் அந்த ரிப்போர்ட்டும் செல்லாது, எனக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டி வந்தது, சரியான எரிச்சல்.

அப்புறம் புதுச்சேரி வந்து பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீடு வாங்கினேன், ஒரு ரிப்போர்ட்டும் கேட்கவில்லை. "அந்தக் காலத்துக் கட்டடம் சார், இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்று புரோக்கர் சொன்னதும் தலையாட்டினேன். கூடத்தில் ஒரே சுவரில் மூன்று காலண்டர் தொங்கியது, மூன்றும் வேறு வேறு வருஷம். பக்திமான்கள் போல என்று நினைத்தேன். சாவி வாங்கின அன்று காலண்டர்களைக் கழற்றினேன். மூன்றாவதின் பின்னால் என் சுண்டு விரல் நுழைந்தது.

அந்த ஆணிகளை இன்னும் பிடுங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் 'இங்கே என்ன மாட்டியிருந்தீர்கள்' என்று கேட்கிறார்கள்.

தூக்குக்குண்டு

நான் சர்வே எடுக்கிற பக்கம். என் கதை சின்னது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய வீடு, எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஒரு ரூமில் மட்டும் சுவரை அடைத்து ஒரு தேக்கு அலமாரி. "துணி ரொம்ப இருக்கு, நகர்த்தணுமா?" என்று அந்த அம்மா கேட்டார், பரவாயில்லை விடுங்கள் என்றேன். மூன்று மாதம் கழித்துப் பெண் கல்யாணத்துக்கு அவர்களே நகர்த்தியபோது சுவர் முழுக்கக் கரையான் புற்று, அலமாரியின் முதுகுப் பலகையே இல்லை. எனக்குப் போட்டோ அனுப்பினார், திட்டவில்லை, போட்டோ மட்டும். திட்டியிருக்கலாம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டை வாசிக்கு: ரீபவுண்ட் ஹேமர் கான்கிரீட்டுக்கானது. மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று எண் கொடுக்கும், அந்த எண்ணைக் கான்கிரீட் வலிமையோடு ஒப்பிட்டுத்தான் அட்டவணை இருக்கிறது. சுண்ணாம்புக் காரைக்குமேல் பூச்சு பூசின செங்கல் சுவரில் அதை வைத்து வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பால்கனி போட்டோவைவிட எனக்கு அதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது.

காரைக்காரர் சிமென்ட்டைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கொத்தனார் போதும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் தட்டினால் சுமை தெரியாது. நம் ஊரில் மாடி ஒழுகினால் என்ன செய்கிறோம்? பழைய சுருக்கியை (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த மாடித் தளம்) எடுக்காமல் அதன்மேலேயே புதுசு போடுகிறோம். அப்பா ஒரு தடவை, மகன் ஒரு தடவை, அதற்கு மேல் ஓடு. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனம் கூடினால் சுமார் 20 கிலோ. நாலு அங்குலம் ஏறியிருந்தால் 200 கிலோ. 15க்கு 12 அடி ரூமுக்குக் கணக்குப் போடுங்கள், மூன்று டன்னுக்கு மேல் வரும், அத்தனையும் தாத்தா போட்ட அதே உத்தரங்கள் தலையில். அதன்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க், அது இன்னொரு டன். அதனால் மாடியில் ஒரு இடத்திலாவது தளத்தைத் தோண்டி கனம் அளக்காத சர்வேயை நான் சர்வே என்று சொல்ல மாட்டேன்.

உத்தரம் நடுவில் கெடுவது குறைவு, சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். மழைக்குழாய் அடைத்தால் தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது, முனை காய வழியில்லை. மொட்டைமாடி வீட்டிலும் சுவர் ஓரத்தில்தான் 'பொத்' கேட்டிருக்கிறது, பாருங்கள். சில வீடுகளில் மரத்துக்குப் பதில் இரும்பு உத்தரம் இருக்கும். கடற்காற்றில் அது துரு ஏறினால் பருத்து, சுற்றியுள்ள செங்கலை அதுவே பிளக்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று இருந்தால் தயவுசெய்து இழுத்துப் பிடுங்காதீர்கள், வேர் போன வழியெல்லாம் சுவரும் சேர்ந்து வரும். முடிந்தால் டிசம்பரில், மழை விட்ட கையோடு ஆளைக் கூப்பிடுங்கள். மே மாதம் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

ஆள் வரும் முன்னால் அலமாரியை நகர்த்தி வையுங்கள். காலண்டரையும் கழற்றிவிடுங்கள்.

காரைக்காரர்

சுருக்கி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அப்பாவே புலம்புவார். எடுத்துவிட்டுப் போடலாம் என்றால் எடுக்கிற கூலியை யார் கொடுப்பது என்பார்கள்.

ஓடி_கடலூர், உங்கள் அம்மாவுக்குக் காதில் கேட்டிருக்காது. கால் வழியாகத் தெரிந்திருக்கும். அடுப்படியையும் பூஜை அறையையும் ஒட்டி அதே பொதுச்சுவர்தானே ஓடுகிறது?

ஓடி_கடலூர்

ஆமாம் ஐயா, அதே சுவர்தான்.

புதுசா_வந்தவன்

இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும்? தோராயமாகச் சொன்னால் போதும்.

மொட்டைமாடி

தம்பி, வீட்டைப் பார்க்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு சர்வே கூலி பெரிசில்லை, அதற்கப்புறம் வந்ததுதான் பெரிசு. உத்தரத்தை முழுசாக மாற்றவில்லை, கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து புது மரம் சேர்த்திருக்கிறார்கள். வேலை முடியும்வரை இரண்டு முட்டு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்பாவைத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம், மூன்று நாள் தூங்கவில்லை, நாலாம் நாள் ராத்திரி முட்டு இரண்டுக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்திருந்தார். கேட்டால் "இப்பத்தான்டா இங்க நல்லா பாதுகாப்பா இருக்கு" என்கிறார்.

பட்டி விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஓடி_கடலூர், அந்தக் கண்ணாடித் துண்டு எங்கே கிடைக்கும்? இந்த வாரம் முற்றத்துப் பக்கச் சுவரில் மெல்லிசாக ஒரு கோடு பார்த்தேன்.

ஓடி_கடலூர்

பெரியவர் ஒட்டினது ஸ்கூல் லேபில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற ஸ்லைடு. லேப் சாமான் விற்கிற கடைகளில் டப்பாவாகக் கிடைக்கும். ஒட்டும் முன்னால் பூச்சைச் சுரண்டிவிட்டு செங்கல்மேல் ஒட்டச் சொல்லுங்கள், பெயின்ட்மேல் ஒட்டினால் பெயின்ட்தான் உரியும். டப்பாவில் அம்பது இருக்கிறது, எனக்கு ஒன்றுதான் செலவானது. வேண்டுமானால் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.