அப்பாவைப் பற்றி எழுதினால் பேப்பர் செய்தி மாதிரி வருகிறது, என்ன செய்யலாம்?

எண்ணூர்க்காரி:
வணக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர். மழை, வெள்ளம், எண்ணெய், நிவாரணம் என்று நடந்த வரிசையிலேயே பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன், எல்லாம் உண்மைதான், ஆனால் படித்தால் யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. 'கடல் கறுப்புக் கண்ணீர் வடித்தது' என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன், இன்னும் மோசம்.

காசிமேடு வாசகன்:
தங்கச்சி, முதலில் அந்தக் கண்ணீர் வரியை எடுத்துவிடுங்கள். கடல் அழுததை நீங்கள் பார்க்கவில்லையே. அப்பாவின் கை எப்படி இருந்தது, வலை என்ன ஆனது?

எண்ணூர்க்காரி:
வலையைத் தூக்கிப் போட்டோம் அண்ணா. கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் பொங்கல் வரைக்கும் கறுப்பு இருந்தது. நாற்றம் போகாததால் சோற்றில் கை வைக்கவே மாட்டார், ஸ்பூனில்தான் சாப்பிட்டார். அதுவரை அவர் ஸ்பூன் தொட்டு நான் பார்த்ததில்லை.

தண்டையார்பேட்டை அக்கா:
இந்த ஸ்பூன் உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லையென்றால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். தட்டு, சோறு, ஸ்பூனோடு அப்பா. ஏன் என்று உடனே சொல்லாதீர்கள், புயல் மூன்றாம் பக்கத்தில் வரட்டும், படிக்கிறவர் அதுவரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர் கரையில் பக்கெட்டால்தான் அள்ளினார்கள். 2023லும் மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக அள்ளினார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருடம் என்று விளக்காமல் ஒரு பத்தியில் அந்தப் பக்கெட்டையும் அடுத்த பத்தியில் இந்தப் பக்கெட்டையும் வையுங்கள், போதும். உங்கள் கோபம் அதற்குள்ளேயே இருக்கும்.

எண்ணூர்க்காரி:
வரிசையை இப்படி மாற்றினால் பொய் ஆகிவிடாதா? அம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதும் சரியாக நினைவில்லை.

காசிமேடு வாசகன்:
எதை முன்னால் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். நடக்காததைச் சேர்ப்பதுதான் தப்பு. அம்மா பக்கத்தில்தானே இருக்கிறார், கேளுங்கள். அவருக்கும் நினைவில்லையென்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

எண்ணூர்க்காரி:
கேட்டேன். சொன்னது எதுவும் அம்மாவுக்கும் ஞாபகமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்போது ஸ்பூனே கிடையாதாம், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தாராம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.